பூவும் பலகையும் மணக்கும் போத்தல்

யேசு மரி சூசை துணை

அன்பு மகள் நிறஞ்சனாவுக்கு,

அப்பா கிறிஸ்தோப்பர் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நாயும் சுகம். நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் சுகமாயிருக்க மாதாவைக் கேட்டபடி இருக்கிறோம். நாய் மட்டும் என்னோடு கோபம். காரணம் நீ பாரிசிலிருந்து அனுப்பிய வாசனைப் போத்தல். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ எடுக்கும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் நின்று ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். உன் பார்சலைக் கொண்டுவந்த அஜந்தன் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்துவிடுவேன்.

மகளே, போத்தல் வந்த பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்கினாயா? பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரியின் மகள் தேனுகா, பெட்டிக்கு நேரே போனைப் பிடித்து, பிரெஞ்சைத் தமிழாக்கி வாசித்தாள். வெள்ளைப் பூக்களும் மரமும் கலந்த மணமாம். அதைப் பூசுகிற பெண் மென்மையானவளாம், உள்ளே உறுதியானவளாம், திரும்பிப் பார்க்க மாட்டாளாம், எவருக்காகவும் காத்திருக்க மாட்டாளாம். அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை அந்தப் பொம்பிளை? அவளுக்குப் பிள்ளையள் இல்லையோ?"

தேனுகா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அண்ணன் அனிஸ்ரன் முள்ளிவாய்க்காலில் "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று போனதிலிருந்து, எந்தச் சத்தம் கேட்டாலும் அம்மா வாசல் படலையைத்தான் பார்ப்பார் என்று உனக்குத் தெரியும். கோயிலில் இன்றுவரை அவன் பெயரை உயிரோடு இருப்பவர்களுக்கான மன்றாட்டில்தான் கொடுக்கிறோம். அப்படிப்பட்டவருக்கு, எவருக்காகவும் காத்திருக்காத ஒருத்தியின் மணத்தை அனுப்பியிருக்கிறாய். அம்மா போத்தலைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

அது அங்கேயே இருந்திருக்கலாம். போன கிழமை களப்பில் தொழில் முடித்து வந்து இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்தும் இறால் நாற்றம் போகவில்லை, கோயில் கூட்டத்துக்குப் போகவேண்டும், ஒரு சொட்டுத்தானே என்று எடுத்தேன், வலை இழுத்துக் காய்த்த விரலுக்கு அமத்தியதும் தெரியவில்லை விட்டதும் தெரியவில்லை, கழுத்து, நெஞ்சு, கண் எல்லாம் அடித்துவிட்டது, கண்ணைக் கசக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தால் நான் சோறு போட்டு வளர்த்த நாய் என்னைக் கள்ளன் என்று நினைத்து வேலிவரை துரத்தியது, வேலியடியில் இறால் வாங்க வந்த யாவாரி நின்றான், இறால் கூடையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக் காட்டினேன், முகர்ந்துவிட்டு "அண்ணை, இறாலுக்கு ஏன் சென்ற் அடிச்சனீங்கள்? கலியாண வீடோ?" என்று கேட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான், நான் அவன் பின்னால் கத்திக்கொண்டு நிற்க, ஜெகதீஸ்வரி தலையை விரித்துப் போட்டு ஒப்பாரியோடு ஓடி வருகிறாள்.

"அண்ணை, அக்காவுக்கு என்ன நடந்தது? எப்ப போனவா?"

"ஒருத்தரும் போகேல்லை. அவா உள்ளுக்கு மீன் வெட்டுறா."

"அப்ப ஏன் உங்கடை வளவு முழுக்கப் பூவும் புதுப் பலகையும் மணக்குது? செத்த வீட்டுப் பெட்டி மணமெல்லோ?"

அதற்குள் அவளுடைய அழுகை ஒழுங்கை முழுக்கக் கேட்டு, நாலைந்து ஆண்கள் செத்த வீட்டுக்கென்று சங்கத்துப் பிளாஸ்ரிக் கதிரைகளைத் தலையில் வைத்துக்கொண்டு படலைக்குள் வந்துவிட்டார்கள். போங்கோ, போங்கோ என்று நான் கையை வீச வீச, மணம்தான் இன்னும் பரவியது.

அம்மா வெளியே வந்தார். கிட்ட வந்து என் சேட்டுக் கொலரை முகர்ந்தார்.

"ஓம். பெட்டி மணம்தான். எங்கடை பிள்ளைக்கு நாங்கள் பூவும் போடேல்லை, பலகையும் போடேல்லை."

அம்மா கையை அலம்பிக்கொண்டு, "கதிரையளைப் போடுங்கோ. வந்தனீங்கள், இருந்து தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். எல்லாரும் இருந்தார்கள். அனிஸ்ரன் பாலைப்பழம் பிடுங்கப்போய்க் குளவி கொட்டி, ஒரு கண் வீங்கி வந்த கதையை ஒருவர் சொன்னார். அம்மா சிரித்தார். பிறகு ஜெகதீஸ்வரியின் தோளில் சாய்ந்து, இத்தனை வருசமும் அழாத மாதிரி அழுதார். நான் முற்றத்து மூலையில் மாப்பிள்ளை போல மணத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை.

எல்லாரும் போனபின் அம்மா சொன்னார், "வாற ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவன்ரை பேரைச் செத்தவையோடை குடுக்கப்போறன்."

"மதலேனா, நாளைக்கு அவன் வந்து நிண்டு, ஏன் என்னைச் சாகக் குடுத்தனீங்கள் எண்டு கேட்டால் ஆர் பதில் சொல்லுறது?"

"வரட்டும். வந்து என்னை அடிக்கட்டும். நீங்கள் அவனுக்குச் சோறு போடுங்கோ."

மகளே, அம்மா நீ சொன்னால் கேட்பார். உடனே போன் எடுத்து, பெயரை மாற்றவேண்டாம் என்று சொல்லு. நான் சொல்லச் சொன்னதாகச் சொல்லாதே. இனி வாசனை ஒன்றும் அனுப்பவும் வேண்டாம். மூட்டுவலித் தைலம் அனுப்பு, அந்த மணத்துக்கு ஒருவரும் கதிரை கொண்டுவர மாட்டார்கள்.

மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல்லு. போகும்போதும் வரும்போதும் மாதா உங்களுக்கு முன்னால் நடப்பாராக.

உன் அப்பா,
கிறிஸ்தோப்பர்

பி.கு: அஜந்தனின் பயணம் பிந்தியதால் கடிதம் என்னிடமே கிடந்தது. மேலே எழுதியதை விட்டுவிடு, அம்மாவுக்கு நீ ஒன்றும் சொல்லவேண்டாம். இன்று காலை அவரைக் கோயிலுக்கு ஏற்றிப்போனேன், வழியில் மனதை மாற்றலாம் என்றுதான். கோயில் மூப்பர் ஸ்ரனிஸ்லஸ் கொப்பியை விரித்து, "உயிரோடை இருக்கிறவைக்கோ, செத்தவைக்கோ?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், "செத்தவைக்கு. அனிஸ்ரன், என்ரை மகன்." ஸ்ரனிஸ்லஸ் குனிந்தபடியே, "செத்த திகதி?" என்று கேட்டார். அது எனக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் அம்மாவுக்குக் குரல் வந்தது.

"இண்டைக்கு எண்டு எழுதுங்கோ."