கந்தூரி வரைக்கும் இனிப்பில்லை

மேல்மாடி ஹிக்மத் வீட்டிலிருந்து கயிறு கட்டிய கூடை ஆடி ஆடி இறங்கிவந்தது. உள்ளே மூடிவைத்த ஒரு தட்டு. திறந்து பார்க்காமலே இப்திஹாலுக்குத் தெரிந்துவிட்டது, பஸ்பூசா. ரவையும் நெய்யும் பாகும் சேர்ந்த அந்த வாசனையை எந்த மூடியும் அடக்காது.

கணவர் ஷவ்கி பால்கனியில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் ஓடிவந்து கூடையை இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளினாள்.

"ஹிக்மத், மேல இழு."

"ஏன், பாகுக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டேனா?"

"இழுன்னு சொல்றேன்ல."

கூடை பாதி வழியில் நின்று சுழன்றது. ஷவ்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார், உறவுக்காரர்களை ரயில் ஏற்றிவிட்டு நிற்கிறவர் மாதிரி. எகிப்தின் தந்தா ரயில் நிலையத்தில் இருபத்தைந்து வருடமாக டிக்கெட் கொடுத்தவருக்கு அந்தப் பார்வை பழக்கம்தான்.

எல்லாம் முந்தின நாள் மாலை காப்பிக்கடையில் தொடங்கியது. ஊரில் வருடாந்தரக் கந்தூரித் திருவிழா. தெருவுக்குத் தெரு சர்க்கரைப் பொம்மைகளும் கொண்டைக்கடலை மிட்டாயும் மலைபோல் குவிந்திருந்தன. கல்லீரலில் கொழுப்பு, மூட்டு தாங்காது, எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. இதற்கு முன் இரண்டு தடவை குறைத்து, இரண்டு தடவையும் கூடுதலாகவே திரும்பப் பெற்றவர் ஷவ்கி. அன்று அவர் உட்கார்ந்ததும் நாற்காலியின் கால் ஒடிந்தது. "இவன் இளைக்கிறதும் நம்ம ரயில் நேரத்துக்கு வர்றதும் ஒண்ணு" என்றார் ஒருவர். கடையே சிரித்தது. தரையிலிருந்து எழுந்த ஷவ்கி, சட்டையைக்கூடத் தட்டிவிடாமல் சத்தியம் செய்தார்.

"அடுத்த கந்தூரி வரைக்கும் இனிப்பு என் வாயில பட்டா, என் பொண்டாட்டி எனக்குத் தலாக்."

அந்த ஊரில் ஆண்கள் இந்தச் சத்தியத்தை எதற்கும் இழுப்பார்கள். விருந்தாளியை உட்காரவைக்க, தர்பூசணி இனிக்கும் என்று நம்பவைக்க. சொன்ன நொடியே காற்றில் போய்விடும். இது போகவில்லை. இதற்குக் கெடு இருந்தது, கடை நிறையச் சாட்சி இருந்தது.

ஷவ்கி படியேறி வருவதற்குள் செய்தி காப்பிக்கடைப் பையன் வழியாக இப்திஹாலிடம் வந்துசேர்ந்திருந்தது. பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள் அவள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"உங்க மீசையை வெச்சுச் சத்தியம் பண்ணியிருக்கலாமே?"

"மீசைன்னா எனக்கே பயம் வராது." செருப்பைக் கழற்றியபடி சொன்னார். "போயிடுமோன்னு பயப்படுற ஒண்ணைத்தானே வைக்கணும்?"

அது அவமானமா, இத்தனை வருடத்தில் அவர் சொன்ன மிக நல்ல வார்த்தையா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. என்னைக் கேட்காமல் என்னைப் பணயம் வைத்தார் என்று ஒரு மனம் கொதித்தது. விலை மதிப்புள்ளதைத்தானே பணயம் வைப்பார்கள் என்று இன்னொரு மனம் மெல்ல எட்டிப் பார்த்தது. பள்ளிவாசல் இமாமிடம் போய்க் கேட்கலாம்தான். ஆனால் அவர் ஒன்று சொல்லிவிட்டால் பிறகு தெரியாது என்று இருக்க முடியாது. பள்ளிவாசலைத் தாண்டும்போது நடையை வேகமாக்கிக்கொண்டாள்.

முதல் வேலையாக வீட்டிலிருந்த இனிப்பையெல்லாம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். தேன், ஜாம், ஹல்வா, கந்தூரிக்கென்று வாங்கிய மிட்டாய். அலமாரி காலியானது. மறுநாள் தட்டுகள் திரும்பி வந்தன. அந்தத் தெருவில் யாரும் தட்டைக் காலியாகத் திருப்பித் தருவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஜாம் போன தட்டில் சேமியாவும் பாகுமாகக் குனாஃபா வந்தது. தேன் போன கிண்ணத்தில் சர்க்கரை போட்ட பால் சோறு. மிட்டாய்க்குப் பதிலாக ஒரு முழு கேக். ஆகாரத்தைக் குப்பையில் போடுவது பாவம். ஷவ்கி வேலை முடிந்து வருவதற்குள், சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றபடியே அத்தனையையும் தானே தின்று தீர்த்தாள்.

வாரம் முடிவதற்குள் பாவாடை ஹூக் மாட்ட மறுத்தது.

சரி, காரணத்தைச் சொல்லிவிட்டால் அனுப்ப மாட்டார்கள் என்று ஹிக்மத்திடம் மனம்விட்டுப் பேசினாள். பேசியதும் தெருவில் இன்னும் கேள்விப்படாதவர்களும் கேள்விப்பட்டார்கள். மிட்டாய்க்கடைக்காரர் ஷவ்கியின் தலை தெரிந்ததும் பாதி ஷட்டரை இறக்கினார். பெண்கள் இழவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்து அவள் சோபாவில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்கள். அக்கா போன் செய்து, சின்ன அறையைக் காலி பண்ணி வைத்திருப்பதாகவும், அவசரம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னாள். மனைவியை இழந்த மருந்துக்கடைக்காரரின் அம்மா இரண்டு தடவை வந்தார். இரண்டாவது தடவை, "உனக்கு மூட்டு வலி எதுவும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத் திருப்தியாக எழுந்து போனார்.

மூன்றாம் நாளே இன்னொரு கலவரம். ஷவ்கி கோஷரிக் கடையிலிருந்து பத்து டப்பா சுமந்துகொண்டு போனதாக ஹிக்மத் பால்கனியிலிருந்து குரல் கொடுத்தாள். சோறும் பருப்பும் மக்ரோனியும் பொரித்த வெங்காயமும், பத்து டப்பா. இனிப்பில்லைதான், ஆனால் அதைத் தின்கிறவர் இளைக்கப்போகிறவரில்லை. இப்திஹால் ஒவ்வொரு காலிலும் வேறு வேறு செருப்போடு ஓடினாள். பள்ளிவாசல் வாசலில், குந்தியிருந்த ஏழைகளுக்கு அவர் ஒவ்வொரு டப்பாவாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"நான் தின்னுருக்க வேண்டியது. இவங்க தின்னட்டும்னு."

அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வெட்கம் என்று அவள் நினைத்தாள். வீட்டுக்கு வருகிற வழியில், வயிறு ஒரு மனிதனை இவ்வளவு பெரிய மனதுக்காரனாக மாற்றுமா என்று வியந்தபடியே, செருப்பு பொருந்தாததைக்கூடக் கவனிக்காமல் நடந்தாள்.

அன்றிலிருந்து முழுமூச்சாகக் காவலில் இறங்கினாள். கல்யாண வீடுகளில் அவர் தட்டில் விழும் ஒவ்வொன்றையும் முதலில் தான் ருசி பார்த்தாள். அவர் டீயை முதலில் தான் உறிஞ்சினாள். வீட்டில் சமையலும் மாறியது. கீரைக் குழம்பில் நெய் ஊற்றுவது நின்றது. வெள்ளைச் சோறு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றானது. சுட்ட மீன், அவித்த பருப்பு, எலுமிச்சை பிழிந்த வெள்ளரிக்காய், பாதி ரொட்டி. சாப்பிட்டதும் இருவரும் ரயில் பாலம் வரை நடந்து திரும்பினார்கள். முதலில் இது அவரைக் கடைவீதியிலிருந்து திசைதிருப்பத்தான். பிறகு நடக்கிறதற்காகவே நடந்தார்கள்.

அவர் வாயையே பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருடமாக இந்த மனிதரைப் பார்க்காமலே சாப்பாடு போட்டிருக்கிறாள். இடதுபக்கம்தான் மெல்லுவார் என்பது அவளுக்குத் தெரியாது. வெள்ளரிக்காயின் நுனியை ஒதுக்கிவைப்பார் என்பதும், பேச ஏதாவது இருந்தால் மெல்லுவதை நிறுத்திவிடுவார் என்பதும் தெரியாது. பயத்தில் தொடங்கிய பார்வைதான். எப்போது அதிலிருந்து பயம் கழன்றுகொண்டது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஷவ்கி இளைத்தார். நிஜமாகவே இளைத்தார். சில சமயம் தொடர்ந்து மூன்று நாள் காலையில் எதுவும் வேண்டாம் என்பார். மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பி வரும். பசியில்லையாம். அந்த நாட்களில் சூரியன் இறங்கியதும் மேசையில் வந்து உட்கார்ந்துவிடுவார், டாக்டர் இராச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லியிருக்கிறார் என்பார். எனக்காக எப்படிப்பட்ட கட்டுப்பாடு என்று அவளுக்கு நெஞ்சு விம்மும். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. அவர் கழித்த பழைய பெல்ட்டை ஒருநாள் அவள் எடுத்துக் கட்டிப் பார்த்தாள், சரியாக இருந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. தட்டுகள் வருவது அப்போதும் முழுதாக நின்றிருக்கவில்லை.

"உன் வீட்டுக்காரர் உருகிட்டே போறார்" என்றாள் ஹிக்மத். "உருகினதெல்லாம் எங்க போகுதுன்னும் எனக்குத் தெரியுது."

மறுபடி கந்தூரி வந்தது. டாக்டர் எடை பார்த்துவிட்டு, சந்தேகத்தில் இயந்திரத்தைத் தட்டி இன்னொரு தடவை ஏறச் சொன்னார். காப்பிக்கடையில் ஷவ்கிக்குப் புது நாற்காலி போட்டார்கள். மருந்துக்கடைக்காரரின் அம்மா தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்திஹால் ஒரு வருடத்துக்குப் பிறகு பஸ்பூசா செய்தாள். சின்னத் தட்டில்தான், நெய்யும் பாதிதான். ஆனால் அவர் சத்தியம் செய்தது மாலையில். கெடு முடிவது இன்று மாலையா, கந்தூரியின் கடைசி நாளா? கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கில் தவறு நேர்ந்துவிடக் கூடாது. இவ்வளவு தூரம் வந்தபின் ஒரு மணி நேர அவசரத்தில் எல்லாம் போய்விடக் கூடாது. ஒரு வருடமாக வேகமாகத் தாண்டிப்போன பள்ளிவாசலுக்குள், துணி போர்த்திய தட்டோடு நுழைந்தாள்.

இமாம் மித்வல்லி முழுவதையும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தச் சத்தியம்மா?"

"போன கந்தூரியில பண்ணினது."

"அது கந்தூரி முடியறதுக்குள்ளயே போயிடுச்சே. ரெண்டாம் நாள் ஓடி வந்தார். மீசையில ரவை ஒட்டியிருந்தது."

இப்திஹால் தட்டைப் பக்கத்திலிருந்த பெஞ்சில் வைத்தாள்.

"அழுதார்மா. மனைவியை விடணும்னு நினைச்சுச் சொன்னியான்னு கேட்டேன். அவளை விட்டுட்டு நான் எங்க போறதுன்னார். அப்போ உன் நிக்காஹுக்கு ஒண்ணும் ஆகலை, சத்தியத்தை முறிச்சதுக்குத்தான் பரிகாரம் உண்டு, பத்து ஏழைக்குச் சாப்பாடு போடுன்னேன்."

"கோஷரி" என்றாள்.

"கோஷரிதான். உடனே என் முன்னாலயே புதுசா ஒரு சத்தியம் பண்ணார், அல்லாஹ் மேல. தலாக்கை இழுக்காதேன்னு நான்தான் சொன்னேன். அதையும் முறிச்சார். ஒவ்வொரு தடவையும் பத்துப் பேருக்குப் போட அவரால முடியுமா? முடியாதவங்களுக்கு மூணு நாள் நோன்பு. முதல்ல வாரம் தவறாம வருவார். இப்போ பரவாயில்லை, மாசம் ஒரு தடவை வந்தாலே அதிகம்." அவள் முகத்தைப் பார்த்து அவர் குரல் தணிந்தது. "உங்களுக்குத் தெரியாதா?"

திறக்காமல் திரும்பிய டப்பாக்கள் ஒவ்வொன்றாக அவள் முன் வந்து நின்றன. கோபம் வந்தது. எங்கே இறங்குவது என்று தேடியது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நானும் கேட்டேன். சொன்னா அவ என்னைப் பார்க்கிறதை நிறுத்திடுவான்னார்."

கோபம் இறங்க இடம் கிடைக்காமல் அப்படியே நின்றது. அவள் தலைமுக்காட்டின் நுனியால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் இமாம் சங்கடத்தோடு வேறுபக்கம் திரும்பினார். சிரிப்புதான்.

"அப்போ நான் பண்ணின காவல், சமையல், இதெல்லாம்?"

"அதுவும்தான். ஆனா நிஜக் காரணத்தைக் கேட்டீங்கன்னா…" இமாம் துணியின் ஓரத்தை மெல்லத் தூக்கி, பஸ்பூசாவை மரியாதையோடு பார்த்தார். "அவருக்கு இது மேல அவ்வளவு ஆசைம்மா. அது மட்டும் கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா, மனுஷன் இவ்வளவு இளைச்சிருக்கவே மாட்டார்."