பேருந்துத் தலைவர் ஆற்றிய வரவேற்புரை

நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனில், பூர்வகுடிகளான மாவோரிகளின் பண்பாட்டுக்கு எந்த ஆபத்து வந்தாலும் அதைக் கோப்பில் போட்டுக் காப்பாற்றிவிட ராவிரி ஒருவர் போதும். அவர் ஓர் அரசுத் துறையின் 'பண்பாட்டு ஆலோசகர்'. அம்மா மாவோரி, முகம் மாவோரி, பதவி மாவோரி. மொழி மட்டும் இன்னும் 'பரிசீலனையில்' இருந்தது. அது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வேலை நிலைத்திருந்ததே அதனால்தான்.

அலுவலகச் சுற்றுலா மாவோரிகள் வாழும் ரோட்டோருவாவுக்குப் போனபோது அந்த வேலைக்கும் ஆபத்து வந்தது. விருந்தோடு மாவோரிக் கலை நிகழ்ச்சி. ஒவ்வொரு பேருந்தும் தனக்கொரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்தான் வாசலில் சவால் விடும் ஈட்டிக்காரனை எதிர்கொண்டு, சபையில் வீட்டுக்காரர்களின் வரவேற்புக்குப் பதிலுரையும் ஆற்ற வேண்டும். மேலதிகாரி ஹெதர் யோசிக்கவே இல்லை. "நம்ம ராவிரி இருக்கும்போது வேற ஆளா?" என்று பின்னாலிருந்து தள்ளிவிட்டார்.

ஈட்டிக்காரன் விழியை உருட்டி, நாக்கை நீட்டி, சமாதானமாக வந்தவர் எடுக்க வேண்டிய பெரணி இலையைத் தரையில் வைத்தான். ராவிரி அவன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் குனிந்து எடுத்தார். அதுவரை பழுதில்லை.

அடுத்து உரை. மாவோரி மொழியில் அவருக்கு மனப்பாடம் ஒன்றே ஒன்றுதான். ஒன்பது ஆண்டுகளாக அலுவலகத்துக்கு வரும் விருந்தினரை எல்லாம் அதைச் சொல்லித்தான் வரவேற்றிருக்கிறார். கணீரென்று அதையே எடுத்துவிட்டார். தொலைதூரம் கடந்து வந்தவர்களே, எங்கள் வீட்டுக்குள் வாருங்கள் என்று வீட்டுக்காரர்களை அவர்கள் வீட்டுக்கே அழைத்தார். பாதியில் அவருக்கே உறைத்தது. நிறுத்தினால் குட்டு உடைந்துவிடுமே என்று முழுதும் சொல்லி முடித்தார். ஹெதர் கண்கலங்கிக் கைதட்டினார். ஈட்டிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

உரை முடிந்ததும் உடன் வந்தவர்கள் எழுந்து பாடித் துணைநிற்பது முறை. பாட ஆளில்லாமல் நின்றால் பேசியவருக்கு மானம் போச்சு. பேருந்துக்காரர்களோ படம் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அப்போது சமையற்கட்டிலிருந்து காஹு என்ற அறுபது வயதுக்காரி ஈரக்கையோடு சபையைக் கடந்து வந்து, ராவிரியின் பக்கத்தில் நின்று, தனியாகவே பாடி முடித்தாள்.

பிறகு காதோடு சொன்னாள்: "எங்களை வரவேத்தியே தம்பி, அப்ப வீட்டுக்காரன் நீதான். வீட்டுக்காரனுக்குக் கடைசிப் பந்தி. வந்து பாத்திரம் தேய்."

மற்றவர்கள் மண்குழி அடுப்பில் வெந்த ஆட்டிறைச்சியைப் புகழ்ந்து தின்ன, ஆலோசகர் கரிபிடித்த பாத்திரங்களை 'நேரடி ஆய்வு' செய்தார்.

"அம்மா யாரு?" என்றாள் காஹு, துடைத்தபடி.

"மிரியாமா. இந்த ஊர்தான். அவங்க தவறிப் பதினோரு வருஷமாச்சு."

அவள் கை நின்றது. "என் சித்தி மகடா அவ." ராவிரியின் மணிக்கட்டில் சுற்றியிருந்த நுழைவுச்சீட்டுப் பட்டையைப் பார்த்தாள். "அவங்கெல்லாம் எங்களைப் பாக்க டிக்கெட் வாங்கினாங்க, சரி. அம்மா வீட்டுக்கு வர, நீ எதுக்குடா வாங்கினே?"