பதினோரு வருட விருந்தாளி

எல்லோரும் சௌக்கியமா? முட்டி, முதுகு, கழுத்து எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா? இருந்தால் சந்தோஷம். ஏன் கேட்கிறேன் என்றால், இந்தக் கதையின் மாப்பிள்ளைக்குக் கணுக்கால் இடம் மாறிவிட்டது.

சமையலறையில் டியூப்லைட் மாற்ற ஸ்டூலில் ஏறினார். டியூப்லைட் மேலே மாட்டியாயிற்று. அவர் மட்டும் ஸ்டூலைக் கேட்காமல் இறங்கிவிட்டார்.

"எலும்பு ரெண்டா போயிருக்கு. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இன்ஷூரன்ஸ் இருக்குல்ல?" என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை பல்லைக் காட்டினார். பல்செட் செய்வது அவர் தொழில். ஆனால் முதலாளி லேபை மூடி இரண்டு மாதம் ஆகிறது. வேலையோடு மருத்துவக் காப்பீடும் போயிற்று. இது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். தினமும் டிபன் டப்பாவோடு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்து நாலு இடத்துக்கு மனுப் போட்டுவிட்டு, சாயங்காலம் களைத்த முகத்தோடு திரும்புவார். காரணம், மாமனார். இருக்கிற வீடு அவருடையது. அவரோ தொழிற்சாலை ஸ்டோரில் முப்பது வருடம் ஆணிகூட எண்ணிக் கொடுத்த மனிதர்.

மனைவி பீரோவைக் குடைந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "என்னங்க, வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கே. வீட்டுக்குள்ளதானே விழுந்தீங்க?"

உடனே ஏஜெண்டுக்குப் போன் போட்டாள்.

"வீட்டு பாலிசி வேற, மெடிக்கல் வேறம்மா. வந்த விருந்தாளி விழுந்தா இந்த பாலிசி வைத்தியச் செலவு தரும். வீட்ல குடியிருக்கிறவங்க விழுந்தா தராது. யாரு விழுந்தது?"

"ஒரு... விருந்தாளி," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படியா, நாளைக்குக் காலைல நேர்ல வரேன்."

அவ்வளவுதான், மாமியாருக்கும் விஷயத்தைச் சொல்லியாயிற்று; மறுநாள் மாமனார் நடைப்பயிற்சிக்குக் கிளம்பியதும் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. அவருடைய சட்டை, செருப்பு, ஷேவிங் பிரஷ் எல்லாம் கட்டிலுக்கடியில் போயின. கல்யாணப் போட்டோவைக் கழற்றினால் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம். அதை மறைக்க மாமியார் ஒரு காலண்டரை மாட்டினாள். அது மூன்று வருடத்துக்கு முந்தையது. ஹாலில் ஒரு சூட்கேஸ் வைத்தார்கள். மகளைக் கூப்பிட்டு, "இன்னிக்கு அப்பாவை மாமான்னு கூப்பிடணும், புரியுதா?" என்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்தார்கள்.

ஏஜெண்ட் வந்தார். மாமனார் இன்னும் திரும்பவில்லை. மாப்பிள்ளை சோபாவில் காலை நீட்டி, ஊர் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

"பிரயாணம் எல்லாம் சௌக்கியமா தம்பி?" என்று மாமியார் ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறவரை இப்படிக் கேட்டதில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தாள்.

"ஒரு பேனா கிடைக்குமா?" என்றார் ஏஜெண்ட்.

"டிவிக்குக் கீழ ரெண்டாவது டிராயர். நீலம் எழுதாது, கறுப்பை எடுங்க," என்றார் விருந்தாளி.

மனைவி கண்ணாலேயே அவரைக் கிள்ளினாள். அந்த நேரம் பார்த்து மகள் நோட்டோடு வந்தாள்.

"மாமா, டீச்சர் கேட்டாங்க. அப்பா கையெழுத்துங்கிற இடத்துல போடுங்க."

ஏஜெண்ட் பேனா மூடியைக் கழற்றியவர் மறுபடி மூடினார். மாமியாரின் இருமல் பலமானது. அதற்குள் மாமனாரும் உள்ளே வந்துவிட்டார்.

"சார், இவர் உங்க விருந்தாளிதானே?"

மாமனார் சூட்கேஸைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"விருந்தாளியா? பதினோரு வருஷமா பாத்ரூம் குழாய்லேர்ந்து மாடி டேங்க் வரைக்கும் பழுது பார்க்கிறவர் விருந்தாளின்னா, அப்ப நான் யாரு, குடக்கூலிக்கு வந்தவனா? இவர் இந்த வீட்டு ஆளு. அப்படியே எழுதிக்குங்க."

"அப்பா..." என்று மாமனாரைப் பார்த்து இழுத்தாள் மனைவி.

"பொய்க் கணக்கு என் வீட்லேர்ந்து போகாது. போட்டோவை எடுத்து மாட்டு."

மாப்பிள்ளைக்கு அந்தக் கணத்தில் கால்வலிகூட மறந்துவிட்டது. போயிற்று, வெள்ளிக்கிழமையும் போயிற்று, காலும் போயிற்று. இனி மறைத்து என்ன லாபம்?

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க. இதெல்லாம் எனக்காகத்தான் இவங்க செஞ்சது. வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு. மெடிக்கல் இன்ஷூரன்ஸும் இல்ல. உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

மாமனார் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று ரொம்ப அக்கறையாக அண்ணாந்து பார்த்தார்.

ஏஜெண்ட் வீட்டுப் படிவத்தை மடித்து வைத்தார். "உங்க பேரு என்ன சார்?" என்று கேட்டு, மாப்பிள்ளை சொன்னதும் பையிலிருந்து வேறொரு கோப்பை எடுத்துப் புரட்டினார். பிறகு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆபரேஷனுக்குத் தாராளமா போகலாம் சார். உங்க மாமனார் பல்செட்டைச் சரிபண்ண உங்க லேபுக்குப் போனாராம், கதவுல பூட்டு தொங்குச்சாம். அங்கேர்ந்து நேரா என்கிட்ட வந்து தன்னோட மெடிக்கல் பாலிசியில உங்க பேரைச் சேர்த்துட்டுப் போனாரு, அதுக்கே ரெண்டு மாசம் ஆச்சே."

உங்களுக்காகவும் யாராவது இப்படி மூச்சுக் காட்டாமல் செய்திருப்பார்கள். யார், என்ன என்று எனக்கு ரெண்டு வரி எழுதுங்கள்.