ஃபோன் கேட்ட சம்பந்தியம்மா

ஒரு சொல்லின் பூர்வீகத்தைச் சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்காத எலக்ட்ரீஷியன் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. மாமல்லபுரத்தில், நான் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த லாட்ஜில் அவர் வேலை பார்த்தார். கருங்குழிக்காரர். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. 'வேர்ச்சொல்' என்றால் சமையற்கட்டு வரை தெரியும்.

வெளிநாட்டுக்காரர்கள் அறையில் விட்டுப்போகும் அகராதிகளையெல்லாம் படித்துத் தீர்த்தவர். பாத்ரூமில் விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டால், 'பல்பு' எந்த ஊரிலிருந்து கிளம்பியது என்று அவர் சொல்லி முடிக்கும்வரை சோப்பு நுரையோடு நிற்க வேண்டும்.

"இன்னொரு தபா கெஸ்ட்டுக்குப் பாடம் எடுத்தே, அப்டியே வூட்டுக்குப் போயிடு" என்று மேனேஜர் கடைசியாக எச்சரித்திருந்தார்.

அந்த வாரமே லாட்ஜில் ஒரு கல்யாணம். பெண் இத்தாலிக்காரி. மாப்பிள்ளை அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கும் உள்ளூர் மீனவப் பையன். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கையில், கடைசியாக ஒரு அலை ஏறிவிட்டு, தலை சொட்டச் சொட்ட வந்து நின்றாள் மணப்பெண். ஜடை பின்ன வந்த அம்மாள், "ஈரத்துல பூ நிக்காதும்மா" என்று கையை விரித்துவிட்டார்.

பெண்ணின் தாய்க்கு இத்தாலிய மொழி தவிர வேறெதுவும் தெரியாது. என்னிடம் ஓடிவந்து, "ஃபோன்! ஃபோன்!" என்றார். என் செல்போனைக் கொடுத்தேன். அதை மேஜைமேல் வைத்துவிட்டு, விரலைத் துப்பாக்கிபோல் தன் தலைக்கு நேரே நீட்டினார்.

"இன்னாய்யா இது, துப்பாக்கி கேக்குது!" மேனேஜர் பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்த ரஷ்யர் ஒருவர் உதவிக்கு வந்தார். "ஃபென்! ஃபென்!"

டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தத் தாய் அழவே ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணத்துக்கு சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்த வேர்ச்சொல் ஏணியிலிருந்து இறங்கினார். மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். வேலை போனாலும் போகட்டும் என்ற பார்வை.

"ரெண்டு பேரும் ஒண்ணுதான் கேக்கறாங்க நைனா. லத்தீன்ல ஃபவோனியஸ்னா மேக்காத்து. ஆல்ப்ஸ் மலையாண்ட அது ஃபோன்னு ஆச்சு, அனல் காத்து. முடி காய வைக்கிற மிஷினுக்கு ஜெர்மன்காரன் அந்தப் பேரையே வெச்சான். அதான் இத்தாலில ஃபோன், ரஷ்யால ஃபென். ஹேர் டிரையர்யா! நான் ரிப்பேர் பண்ணது ஒண்ணு ஸ்டோர்ல கீது, ஓடு!"

இருபது நிமிடத்தில் முடி காய்ந்தது. ஜடை நின்றது, பூ நின்றது, தாலி ஏறியது. சம்பந்தியம்மா வேர்ச்சொல்லை மேடைக்கு இழுத்துப்போய் மாலை போட்டார். கிரீஸ் கறைச் சட்டையோடு அவர் ஃபவோனியஸ் கதையை முதலிலிருந்து சொல்ல, குப்பமே கைதட்டியது. எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியது மேனேஜர்.

இப்போது வேர்ச்சொல்லுக்குச் சிறுசேரியில், பெரிய ஐ.டி. கட்டடத்தில் வேலை. லாட்ஜில் ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வந்துபோவார். ஒரு மாதமாக ஒன்றும் கெடவில்லை.

நேற்று மேனேஜரே ஒரு சுவிட்சைக் கழற்றி வைத்துவிட்டு, அவருக்குச் சொல்லியனுப்பினார்.