பஞ்சர் அண்ணனின் கடைவாய்த் தையல்

கிருமி என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே ஒப்புக்கொள்ளாத மனிதர் காரைக்குடியில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் பஞ்சர் அண்ணன்தான். கொரோனா சமயத்தில் ஊரே மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திரிந்தபோது, மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு டீ குடித்தவர். டயர் கழற்றிய கையோடு உளுந்தவடையைப் பிய்ப்பார். வடையில் கறுப்பு ஒட்டினால், "அதுவும் எண்ணெய்தான தம்பி" என்பார்.

செக்காலை ரோட்டில் அவர் பஞ்சர் கடைக்கு மேலே ஓர் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். பிழைப்புக்காக வந்தவன்.

வருஷா வருஷம் பங்குனித் திருவிழாவில் அண்ணன் அலகு குத்திக்கொள்வார். இந்தக் கன்னத்தில் நுழைந்த வேல் அந்தக் கன்னத்தில் வெளியே வரும். அதோடு மாரியம்மன் கோவில் வரை நடப்பார். வேலை உருவியதும் இரண்டு பக்கமும் திருநீறு, அவ்வளவுதான் வைத்தியம். மறுநாள் காலையில் கடையைத் திறந்து உட்கார்ந்திருப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று படுத்த வாக்கில் கிடந்து தாடையை வீங்க வைத்தது. பல் டாக்டரம்மா ஈறைக் கிழித்து, பல்லை உடைத்து எடுத்து, தையல் போட்டு அனுப்பினார். "சுத்தமா வச்சுக்கங்க, இல்லாட்டி இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்" என்றும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் ஆள் அடியோடு மாறிப்போனார்.

பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் முதலில் அண்ணன் வாயைப் பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது. செல்போன் டார்ச்சை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாயைப் பிளப்பார்.

"சீழ் தெரியுதா?"

"அண்ணே, நான் வெரசா அரியக்குடி போகணும். டயரப் பாருங்க."

"டயரு எங்குட்டும் ஓடிராது. நீ வாயப் பாரு."

எல்லோரும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒட்டுப் போட்ட ட்யூபில் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தே பழகிய கை அல்லவா? ஒரு நாள் வாய் நிறைய உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி, இரண்டு கன்னமும் புடைக்கப் பலங்கொண்ட மட்டும் உள்ளுக்குள் ஊதினார். தையல் பிரிந்து ரத்தம் வந்தது. நான்தான் வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

"உங்கள யாருங்க ஊதச் சொன்னது?" என்றார் டாக்டரம்மா.

"ஒட்டுப் போட்டா டெஸ்ட் பண்ணாம எப்புடிம்மா வண்டிய விடுறது?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மறுபடி தையல் போட்டார். புண் ஆற நாளாகும், இந்த வருஷம் அலகு கூடவே கூடாது, கிருமி எலும்பில் இறங்கினால் தாடைக்கே ஆபத்து என்று கண்டிப்பாகச் சொன்னார். திருவிழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அண்ணன், "குத்தியே தீருவேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "வாயில ஈ பறந்தாலே இன்ஃபெக்‌ஷன்னு அலறுறீங்க. வேல் குத்த மட்டும் பயமில்லையா?"

"அது ஆத்தா குத்துறது. அதுக்கு அவ பொறுப்பு. இது டாக்டரு குத்துனது. இதுக்கு யாரு பொறுப்பு? ஆப்பரேசனுக்கு முன்னாடி கையெழுத்த என்கிட்டதான வாங்குனாக."

அவர் மனைவியை நான் மதினி என்பேன். மதினி அழுது பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார், சோறு போடாமலும் இருந்து பார்த்தார். கடைசியில் மாடி ஏறி என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்க போன மழைக்காலத்துல காச்சல்ல கெடந்தீகள்ல. பொழைக்கிறது கஷ்டம்னு டாக்டரு சொன்ன அன்னைக்கு இவுக ஆத்தாகிட்ட நேந்துக்கிட்டாக. இந்த வருச அலகு ஒங்களுக்காகத்தான். அதான் விட மாட்டேங்குறாக."

சாமி கும்பிடாதவன் நான். அலகைப் பற்றி அவரிடம் எத்தனையோ கிண்டல் செய்திருக்கிறேன். ஒரு தடவைகூட இதை அவர் சொல்லிக்காட்டியதில்லை.

"யாருக்காக நேந்தமோ அவுகளே பால்குடம் எடுத்தாலும் ஆத்தா ஏத்துக்கிருவா" என்றார் மதினி.

மறுநாளே கோவிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு மஞ்சள் வேட்டியோடு வந்து நின்றேன். அண்ணனுக்கு வந்ததே கோபம்.

"என் வேண்டுதல்ல கைய வைக்க நீங்க யாரு?"

"பொழைச்ச உடம்பு என்னுது. உங்க வேண்டுதலை நான் தீர்த்துக்கறேன். அதையும் மீறி நீங்க வேலைத் தூக்கினா, குடத்தோட நடுரோட்டுல உங்களுக்கு முன்னாடி உக்காந்துடுவேன்."

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. திருவிழா வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார். டார்ச்சைக்கூட என்னிடம் நீட்டவில்லை.

பால்குடத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. தாரில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. தலையில் குடத்தோடு ஒவ்வோர் அடியாக நகர்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று பாதத்துக்கு முன்னால் சளேரென்று தண்ணீர் விழுந்தது. பார்த்தால் அண்ணன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க், கையில் வாளி. கன்னத்தில் வேல் இல்லை. கூட்டத்தை விலக்கி, வழியில் இருந்த குழாயிலெல்லாம் தண்ணீர் பிடித்து, கோவில் வாசல் வரை எனக்கு முன்னால் ஊற்றிக்கொண்டே வந்தார்.

குடத்தை இறக்கியதும் என் காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்காலில் கொப்புளம்.

"ஏறுங்க வண்டியில. ஆஸ்பத்திரிக்குப் போயி மருந்து போடணும். செப்டிக் ஆயிரும்."

"ஒண்ணும் ஆகாதுண்ணே."

"ஆனா? அப்புறம் ஒங்களுக்கு நான் எங்குட்டுக் குத்திக்கிறது, முதுகுலயா?"

காரைக்குடியில் எனக்குச் சொந்தபந்தம் யாருமில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றோடு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.