ஸ்டெல்லா பாத்திக்கு நான் கட்டிய தார்ப்பாய்

பங்களாவில் இருக்கிறவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்ததே இல்லை. அவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்துப் பாத்திக்காரியின் கத்திரிக்காயைப் பார்த்து வருகிறதே, அதுதான் வயிற்றை எரிக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எரிந்தது.

ராயபுரத்தில் எங்கள் தெருமுனைப் பூங்காவில் மிச்சமிருந்தவை பலகை இல்லாத ஊஞ்சல் கம்பியும் காலி பாட்டில்களும்தான். தெருக்காரர்கள் எல்லாம் கூடி அனுமதி வாங்கி, குப்பையை அள்ளி, காய்கறி போடலாம் என்று வீட்டுக்கு ஒரு பாத்தியாகப் பிரித்துக்கொண்டோம். எனக்கு மூலைப் பாத்தி. பக்கத்தில், ஊஞ்சல் கம்பிக்கு அடியில், கீழ்வீட்டு ஸ்டெல்லாவுக்கு. இருவரும் ஒரே நாளில் ஒரே கடை நாற்றைத்தான் நட்டோம். அவளுடையது காய்த்துத் தொங்கியது. என்னுடையது கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது (அதிலும் பாதி சொத்தை).

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் கொடுத்தனுப்பிய காயை என் வீட்டுக்காரர் அந்தோணி (துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், என் சமையலைப் பற்றி வாயே திறக்காதவர்) சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, "கத்திரிக்கான்னா இது கத்திரிக்கா! வெண்ணெ மாரி கீது" என்றார்.

"அப்போ என்னுது?"

"உன்னுது இன்னும் காயே ஆவலியேமே."

இந்த மனுஷன் வாயால் என் கத்திரிக்காயை நல்லா இருக்கு என்று சொல்லவைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஸ்டெல்லா காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்பினாள். "அக்கா, என் செடிய கொஞ்சம் பாத்துக்கக்கா. உன்ன நம்பித்தான் போறேன்."

"நீ நிம்மதியா போய்ட்டு வாம்மா. நான் பாத்துக்கறேன்." (பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை.)

அவள் செடிகளின் இலைகள் தொங்கின. எனக்கு மனசு குளிர்ந்தது. அவள் பங்குத் தண்ணீரையும் சேர்த்து என் பாத்திக்கே ஊற்றினேன். அப்போது பார்த்து ஒரு மத்தியானம் கடல் பக்கமிருந்து கருகருவென்று மேகம் திரண்டது. எனக்குப் பகீரென்றது. நான் பட்டினி போட்ட செடிக்கு வானம் ஓசியில் ஊற்றப்போகிறதா? விடுவேனா!

அந்தோணியின் வண்டிக்குப் போர்த்துகிற தார்ப்பாயை உருவிக்கொண்டு ஓடினேன். ஊஞ்சல் கம்பி மேல் இழுத்துக் கட்டினேன். பக்கவாட்டில்கூட ஒரு சொட்டு போகக்கூடாதே! மண்வெட்டியால் அவள் பாத்தியைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, தண்ணீரெல்லாம் என் பாத்திக்கு வருகிற மாதிரி திருப்பிவிட்டேன். இடி இடிக்க, கொட்டுகிற மழையில், தொப்பலாக நனைந்துகொண்டு இந்தத் திருப்பணியைச் செய்தேன். எதிர்மாடியிலிருந்து யாரோ அதை வீடியோ எடுத்தது எனக்குத் தெரியாது.

மழை லேசில் விடவில்லை. எல்லார் பாத்தியிலும் தண்ணீர் தேங்கிச் செடிகள் அழுகிப்போயின. வாய்க்கால் வெட்டி வரவேற்ற என் பாத்தி இருந்த இடமே தெரியவில்லை. ஸ்டெல்லாவின் செடிகள் மட்டும் தார்ப்பாய்க்கு அடியில், மண்ணில் ஊறிய ஈரத்தைக் குடித்துக்கொண்டு ஜம்மென்று நின்றன.

தெரு வாட்ஸ்அப் குழுவில் வீடியோவைப் பார்த்துவிட்டிருந்த ஸ்டெல்லா, ஊர் திரும்பியதும் பையைக்கூட இறக்காமல் பூங்காவுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கூடப் பொறந்தவகூட இப்டி செய்யமாட்டாக்கா! உன் செடி போனாலும் பரவால்லன்னு என்னுத காப்பாத்திகீறியே!"

தெருவே கை தட்டியது. யாரோ ஓடிப்போய்ச் சால்வை வாங்கிவந்து எனக்குப் போர்த்தினார்கள். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்போதும் என் கண் அவள் காய் மேல்தான். பாவி, என்ன பளபளப்பு!

பறித்த காயை எல்லாம் என் மடியில் கொட்டிவிட்டாள். எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து அந்தோணிக்குப் போட்டேன். பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாமே, நெசமா சொல்லு. மழத்தண்ணி அவுளுக்குப் பூடக் கூடாதுன்னுதானே கட்னே?"

நான் ரசத்தை ஊற்றினேன். புரையேறுகிற வரைக்கும் சிரித்தார். பிறகு இன்னொரு காயை எடுத்துப் போட்டுக்கொண்டு, "அப்போ இது ஒன் கத்திரிக்காதான்மே. நல்லா கீது" என்றார்.

அந்தோணி வாய் சும்மா இருக்குமா, நிஜக் கதை சொந்தக்காரர்கள் வரைக்கும் போய்விட்டது. நான் வயிறெரிந்தால் எதிராளி அமோகமாக இருப்பார் என்று எல்லாரும் முடிவே கட்டிவிட்டார்கள். போன மாதம் காலடிப்பேட்டையிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, நாளிக்கு எம்புள்ளிக்கு இன்டர்வியூ. கொஞ்சம் வயிறு எரிஞ்சி வையேன்" என்று சொல்லிவிட்டு, அவன் மார்க்கு, அவன் இங்கிலீஷ் என்று பெருமை அடித்துத் தள்ளினாள்.

அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. என் பிள்ளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.