வியாழனுக்கு இரண்டரை டிகிரி கிழக்கே

கீழச்சிவல்பட்டி,
27-5-1979, ஞாயிறு.

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை மாயக்கண்ணன் அவர்களுக்கு, மாமனார் மலையாண்டி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை பொன்னுத்தாயி, உங்கள் மனைவி புஷ்பவள்ளி மூவரும் சுகம். மேலே வியாழனும் சுகம். இந்தக் கடைசி வரியை எழுத எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று என்பதால் அதைச் சற்று நிதானமாகப் படிக்கவும். அமெரிக்காவில் குளிர் விட்டதா, சமையலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று தவறாமல் எழுதவும்.

முதலில், போன வாரம் நான் எழுதிய கடிதத்துக்கு மன்னிக்க வேண்டும். "நீங்கள் செய்து அனுப்பிய பெட்டிக்கு வானத்தில் அத்தனை பெரிதாக நிற்கிற வியாழனைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. செய்தவரை நம்பி ஒரே மகளைக் கடல் தாண்டி எப்படி அனுப்புவது? பெட்டி வியாழனைக் காட்டட்டும், மறுநாளே டிக்கெட் எடுக்கச் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தேன். கோபத்தில் எழுதியது. எழுதியதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. திருப்பத்தூர்க் கல்யாண வீட்டுப் பந்தியில், இலைக்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, அதையே சத்தமாகவும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு தெருவில் எவரைப் பார்த்தாலும் "வியாழன் வந்துருச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் சிநேகிதர் டெலஸ்கோப்புக் குழலையும், அதைத் தாங்கித் திருப்புகிற முக்காலியையும், திருப்பும் மோட்டார்களுக்கு உத்தரவு போடுகிற கம்ப்யூட்டர் பெட்டியையும், நம் ஊர்க் கரண்டை அந்த ஊர்க் கரண்டாகக் குறைக்கிற டிரான்ஸ்பார்மரையும் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன அன்றே எல்லாவற்றையும் மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டேன். கூடவே நீங்கள் வைத்திருந்த செய்முறைக் காகிதத்தைப் படிக்கிறேன் என்றாள் புஷ்பவள்ளி. காரைக்குடியில் மூன்று வருஷம் பௌதிகம் படித்தவள். ஆனால் நான் சர்வே இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் தியோடலைட்டோடு குடித்தனம் நடத்தியவன் இல்லையா? "நீ தள்ளி நில்லு தாயி" என்று சொல்லிவிட்டு, பெட்டி கேட்ட அட்சரேகை பத்து, தீர்க்கரேகை எழுபத்தெட்டு, தேதி, நேரம் எல்லாவற்றையும் நானே தட்டினேன். நீங்கள் அனுப்பிய பட்டியலிலிருந்து வியாழனுக்கான எண்களையும் தட்டினேன். மோட்டார் முனகியது. குழல் கம்பீரமாகத் திரும்பி, கிழக்கே சாய்ந்து, இன்னும் சாய்ந்து, பக்கத்து வீட்டுப் பெத்தனுடைய மாட்டுத்தொழுவத்தைப் பார்த்து நின்றது. கண்ணை வைத்தேன். வைக்கோல் நிறத்தில் மங்கலாக ஏதோ அசைந்தது.

உங்கள் அத்தை மேற்கே கையைக் காட்டி, "ஏங்க, வியாழன் அங்குட்டுல்ல மினுங்குது! இது எதுக்குப் பெத்தன் வீட்டு மாட்டைப் பாக்குது?" என்றாள். புஷ்பவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

அந்தத் தப்பை நானே கண்டுபிடித்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். உங்கள் காகிதத்தின் நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில், மேற்குத் தீர்க்கரேகைக்குக் கூட்டல், கிழக்குக்குக் கழித்தல் என்று போட்டிருந்தது. நான் கழித்தல் போடவில்லை. அதனால் பெட்டி நம் வீட்டைத் தூக்கிப் பனாமா பக்கத்தில் கடலுக்குள் வைத்திருக்கிறது. அட்லஸை விரித்துப் பார்த்துத்தான் நம்பினேன். கழித்தல் போட்டதும் குழல் ஒழுங்காக மேற்கே போனது, ஆனால் வியாழனுக்கு வெகுதூரம் தள்ளி நின்றது.

அடுத்த கோளாறு சாய்மானம். தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் அது நாற்பது டிகிரி உயரத்தில் நிற்கிறது, இங்கே பத்து. அச்சைப் பத்துக்கு இறக்கினால், குழலுக்கு ஈடாக மறுபக்கம் தொங்குகிற எடைக்கல் முக்காலிக் காலில் இடிக்கிறது. மீனாட்சிசுந்தரம் ஆசாரியைக் கூப்பிட்டேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "குளிர் ஊருக்குச் செஞ்ச சாமான் இங்க வந்தா கொஞ்சம் இடிக்கத்தான செய்யும்? நீங்க ஏன் பதறுறீக? வேங்கையில ஒரு ஆப்புப் போட்டுத் தாரேன்" என்றார். போட்டார். ஒரு நூல் பிசகு இல்லை. துருவ நட்சத்திரம் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதால், என் பழைய சர்வே காம்பஸை வைத்து வடக்குப் பிடித்தேன்.

இனிமேல் வியாழன் நேரே வந்து கண்ணில் விழும் என்று நினைத்தேன் மாப்பிள்ளை. விழவில்லை. தினமும் ஆறு மணிக்குப் பெட்டியின் கடிகாரத்தை என் கைக்கடிகாரத்தோடு ஒத்துவைத்து, காபி குடித்து, இருட்டியதும் ஏழு மணிக்கு வியாழனைக் கேட்பேன். குழல் போய் வியாழனுக்கு இரண்டரை டிகிரி கிழக்கே நிற்கும். எட்டு மணிக்குக் கேட்டால் ஐந்து டிகிரி. மறுநாளும் அதே இரண்டரை, அதே ஐந்து. திருகாணிகளைச் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் முறுக்கினேன். பல்சக்கரம் தளர்வோ என்று சந்தேகப்பட்டேன். காற்றைச் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் உங்கள் அத்தை மிளகாய்வத்தல் காயப்போட முக்காலியை ஓரமாக நகர்த்தி வைத்திருந்தாள். அன்றைக்கு வியாழன் இருந்த திசையிலேயே குழல் இல்லை. கால் நிற்கிற இடத்தில் சிவப்புப் பெயிண்டால் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் வத்தல் வரக்கூடாது என்று உத்தரவு போட்டேன். கடைசியில் தூக்குக்குண்டைக் கட்டி வீட்டையே அளந்து பார்த்து, வீடு கிழக்கே சாய்ந்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன்.

"உங்க அப்பா கட்டுன வீட்டையே குத்தஞ் சொல்றீகளே, இந்த வாய் நல்லாருக்குமா?" என்று கேட்டுவிட்டு உங்கள் அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஏழு மணி. வழக்கம்போல இரண்டரை டிகிரி. நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். பெட்டியைத் தூக்கி உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைப்பு. புஷ்பவள்ளி பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, உங்க கடிகாரத்துல மணி என்ன?"

"ஏழு."

அவள் பெட்டியில் நேரம் காட்டுகிற பொத்தானை அழுத்தினாள். சிவப்பு எண்கள் எரிந்தன. ஆறு ஐம்பது.

"ஆறு மணிக்குச் சரியா வச்சீகள்ல?"

"நானே வச்சேன் தாயி."

"ஒரு மணி நேரத்துல பத்து நிமிசத்தைத் தின்னுருச்சு. அந்த ஊருல கரண்டு செகண்டுக்கு அறுபது தடவ துடிக்கும். பெட்டி அந்தத் துடிப்ப எண்ணித்தான் மணி கணக்குப் பண்ணுது. நம்ம கரண்டு அம்பது தடவதான் துடிக்குது. டிரான்ஸ்பார்மர் வோல்டைக் குறைக்கும், துடிப்பைக் கூட்டாது. பத்து நிமிசத்துல வானம் எம்புட்டுத் திரும்பும்?"

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டரை டிகிரி.

"வீடு நேராத்தான் இருக்குப்பா. கடிகாரந்தான் சாஞ்சிருக்கு."

மாப்பிள்ளை, நான் அளந்த வயல்கள் எத்தனை, நட்ட எல்லைக்கல் எத்தனை! அத்தனையையும் மூட்டை கட்டி அவள் காலடியில் வைத்துவிடலாம் போல இருந்தது. அவள் கடிகாரத்தை ஏழு மணிக்குத் திருத்தினாள், எண்களைத் தட்டினாள். மோட்டார் கொஞ்சமாக முனகி நின்றது. "பாருங்கப்பா" என்றாள். பார்த்தேன். வட்டத்தின் நட்டநடுவில் வியாழன். அதன் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நாலு சின்ன நிலா. நான் போட்ட சத்தத்தில் உங்கள் அத்தை கரண்டியோடு மேலே வந்தாள். கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. "ஆத்தி, நாலு குஞ்சோட நிக்குதே!" என்று என்னோடு பேசிவிட்டாள். ஆசாரியும் பெத்தனும் ஓடி வந்தார்கள். ஆசாரி வெகுநேரம் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தடவிக் கொடுத்து, "செஞ்ச கை நல்ல கை" என்றார். அவர் அப்படி எவர் வேலையையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம் புஷ்பவள்ளி ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைத் திருத்தித் திருத்தி எட்டு இடங்களைக் கேட்டாள். ஏழு நடுவில் விழுந்தன, ஒன்று மட்டும் ஓரத்தில். பஞ்சாங்கத்தில் மட்டும் பார்த்திருந்த சித்திரையும் சுவாதியும் கண்ணெதிரே வந்து நின்றன. நான் மக நட்சத்திரத்தில் பிறந்தவன். அறுபது வயதில் நேற்றுத்தான் மகத்தை நேரில் பார்த்தேன். இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு என் வீட்டு மாடியில் நட்சத்திரத்தை விரலால் தொட்டுக் காட்டுகிற ஒரு பொருளைச் செய்த உங்களையும், அதன் நோயைக் கண்டுபிடித்த என் மகளையும் சேர்த்து நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அந்த எட்டு இடங்களுக்கும் அவள் எழுதிய அட்டவணை இதனுடன் இருக்கிறது. ஐம்பது துடிப்புக்கு ஏற்றபடி பெட்டியில் எதை மாற்ற வேண்டும் என்றும் அதிலேயே குறித்திருக்கிறாள்.

நான் பேச்சு மாறமாட்டேன். ஜூன் மாதத்திலேயே புஷ்பவள்ளிக்கு டிக்கெட் எடுத்துவிடவும். பெட்டியின் கோளாறு எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அவளை இன்னும் சீக்கிரம் அனுப்பியிருப்பேன் என்பதை அறியவும். உங்களுடன் வேலை பார்க்கிறவர்களுக்கும், தினமும் ரொட்டி கொண்டுவந்து கொடுப்பதாக நீங்கள் எழுதிய அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். நீங்கள் இருவரும் எந்த ஊரில் எந்தக் கூரையின் கீழ் இருந்தாலும் நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார்,
மலையாண்டி.

பின்குறிப்பு: அத்தான், இது நான், புஷ்பவள்ளி. உறையை ஒட்டச் சொல்லி அப்பா என்னிடம் கொடுத்தார்கள், ஒட்டுவதற்கு முன்னால் எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே பின்பக்கத் தகட்டில் அறுபது சைக்கிள், அதாவது அறுபது துடிப்பு, என்று இருந்ததைப் பார்த்துவிட்டேன். அப்பா டிக்கெட் பேச்சை எடுத்தபோது நான் அதைச் சொல்லியிருந்தால் மறுநாளே டிக்கெட்டுக்கு எழுதியிருப்பார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஐந்து வருஷத்தில் அப்பா இப்படிப் படி ஏறி ஓடியதை நான் பார்த்ததில்லை. எனக்கும் அவர்களோடு இன்னும் கொஞ்ச நாள் வேண்டியிருந்தது. நேற்றும் சொல்லியிருக்க மாட்டேன். கிழக்குச் சுவரை இடித்துக் கட்டக் கொத்தனாருக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள், அதனால்தான் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. அதை மட்டும் உங்களுக்கு எழுதாமல் விட்டுவிட்டார்கள். ஜூனில் டிக்கெட் எடுக்க வேண்டாம். ஆகஸ்டில் வியாழன் சூரியனுக்குப் பின்னால் போய் மறைந்துவிடும், அதுவரை அப்பாவோடு மாடியில் பார்த்துக்கொள்கிறேன். அப்போது எடுங்கள், வருகிறேன்.